பாப்பாவுக்கு ஆகுமா

இந்தச் சட்டியை உடனே தேய்ச்சிடாதீங்கக்கா. அடியில இருக்கிற கரியைக் கொஞ்சம் சுரண்டிக்கிறேன். பழைய கரண்டி ஏதாவது இருந்தா கொடுங்க. இது போதும். கொட்டாங்கச்சி இருக்கா? நல்லதாப் போச்சு. ரெண்டு சொட்டு எண்ணெய் விட்டுக் குழைச்சா மை மாதிரி வந்துடும். எங்க அம்மா ஒரு டப்பா மை காய்ச்சிக் கொடுத்துத்தான் அனுப்பினாங்க. வண்டி ஆட்டத்துல எங்க உருண்டுச்சோ தெரியல. பொட்டு வைக்காம பச்சப்புள்ளையை நாலு பேர் முன்னாடி கொண்டுபோக எனக்கு மனசு வராது.

புது எண்ணெய்தானேக்கா? வடை சுட்ட எண்ணெய் இல்லையே? பாப்பாவுக்கு ஆகு...

பாருங்க, வாயில வந்துடுச்சு. சிரிக்கிறீங்க. சிரிங்க, பரவாயில்ல. எல்லாரும்தான் சிரிக்கிறாங்க.

கொஞ்சம் முன்னாடி இந்த அடுப்படியில வச்சு நீங்க ஒண்ணு சொன்னீங்களே, "இன்னிக்கு எங்க கடையில வச்சுத்தான் பாப்பா முகத்தைக் காட்டப் போறீங்களாமே"ன்னு. அது நீங்க சொல்லித்தான் எனக்குத் தெரியும். நிசமாத்தான். பெத்தவ நான். வண்டியை விட்டு இறங்கும்போது வாசல்ல வாழைமரம் கட்டியிருந்ததைப் பார்த்தேன். கடைக்காரர் வீட்டுல ஏதோ விசேஷம்னு நெனச்சேன். என் பிள்ளைதான் விசேஷம்னு எனக்கு யாரும் சொல்லல.

தூங்கட்டும். மடியிலயே கெடக்கட்டும். கை வேலை செய்யும், வாய் பேசும், இவ பாட்டுக்குத் தூங்குவா.

என் பேரு பேச்சி. உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும், அதான் எல்லாருக்கும் தெரியுதே. பேருதான் பேச்சி, எனக்குப் பேச்சே வராது. ஆறாவது படிக்கும்போது வாத்தியார் எழுந்து நின்னு வாசின்னார். நின்னேன். வாசிக்கல. அவர் உட்காருன்னும் சொல்லல, நானா உட்காரவும் இல்ல. மணி அடிச்சதும் வீட்டுக்கு வந்தவதான், அந்தப் பக்கமே திரும்பிப் போகல. தீப்பெட்டி ஆபீசுக்குப் போனேன். அங்க பேச வேண்டாம், கை ஓடினாப் போதும். எங்க கல்யாண ஆல்பத்தைப் பார்த்தா எல்லாப் படத்துலயும் என் உச்சி வகிடுதான் தெரியும். போட்டோக்காரர் இவர்கிட்ட, "மாப்பிள்ளை, பொண்ணுக்குக் கழுத்துல ஏதும் கோளாறா?"ன்னு கேட்டாராம்.

இவருக்கு அப்பவே வீடியோ போடுறதுதான் பிழைப்பு. செந்தூர்பாண்டிங்கிற பேரை வச்சு, 'செந்தூர் சாப்பாட்டு வண்டி'. ஊர் ஊராப் போவார், கடையில உட்காருவார், ஒரு வாய் வச்சதும் கண்ணை மூடிக்கிட்டு "அடடா!" அப்படிம்பார். நல்லா இருந்தாலும் மூடுவார், நல்லா இல்லாட்டியும் மூடுவார். அதனாலயோ என்னவோ அவ்வளவா யாரும் பார்க்கல. பேசி முடிக்க வந்தப்பவே எங்க அம்மா கேட்டுட்டாங்க: "தம்பி, எம்புள்ள ரொம்பக் கூச்சப்படுவா. அவளை அதுல காட்டிடாதீக."

"அத்தை, நான் சாப்பாட்டைக் காட்டுறவன். பொண்டாட்டியைக் காட்டுறவன் இல்ல."

கதவுக்குப் பின்னால நின்னு கேட்டேன். அந்தப் பேச்சு எனக்கு ரொம்பப் பிடிச்சுப் போச்சு. அதுக்காகத்தான் சரின்னு சொன்னேன்னுகூட வச்சுக்கலாம்.

கெட்ட மனுசன் இல்லக்கா. குடி கிடையாது, கை நீட்டினது கிடையாது. ஆனா வீட்டுல பேச மாட்டார். சோத்தை வச்சா சாப்பிடுவார், தட்டுலயே கையைக் கழுவிட்டுப் போயிடுவார். என் சமையலுக்கு ஒருநாளும் கண்ணை மூடினதில்ல. ஒருநாள் நானே வாயைத் திறந்து, குழம்பு எப்படி இருக்குன்னு கேட்டுட்டேன். "ம்"னார். அந்த 'ம்'மை வச்சே நான் ரொம்ப நாள் ஓட்டினேன்.

இருங்க, நெத்தியில ஒண்ணு வச்சுக்கிறேன். ஆ... வச்சாச்சு. தூக்கத்துல முகத்தைச் சுளிக்கிறா பாருங்க, அப்படியே அவங்க அப்பா.

பிள்ளை பொறந்து, தீட்டெல்லாம் கழிஞ்சு, நான் அம்மா வீட்டுல இருந்தேன். இவர் வண்டியை எடுத்துக்கிட்டு வந்து நின்னார். "குலதெய்வத்துக்கிட்டப் பிள்ளையைக் காட்டிட்டு, அப்படியே நாலு ஊர் பார்த்துட்டு வரலாம். உங்களை விட்டுட்டுப் போக மனசு வரலை பேச்சி"ன்னார். மனசு வரலைன்னாரு. நான் அதை அப்படியே நம்பிட்டேன். அம்மாதான் குதிச்சாங்க. "பச்ச உடம்புக்காரி, ஓட்டல் சோறு ஆகுமா? நீ திங்கிறதுதானடி பாலாப் போயி பிள்ள வயித்துல சேரும்!" அப்புறம் மாப்பிள்ளையை எதிர்த்துப் பேச முடியாம, லேகியம் ஒரு டப்பா, வறுத்த பூண்டு ஒரு டப்பா, மை ஒரு டப்பா எல்லாம் கட்டிக் கொடுத்து, என் காதுல சொன்னாங்க: "எதை வாயில வச்சாலும் பிள்ளைக்கு ஆகுமான்னு கேட்டுட்டு வையி."

கேட்டுட்டு வையின்னு சொன்னாங்களா, நான் கேட்டேன். அவ்வளவுதான்க்கா நான் செஞ்சது.

முதல்ல விருதுநகர். எனக்குக் கடைக்குள்ள போயி உட்காரக் கூச்சம். பிள்ளைக்குப் பால் வேற கொடுக்கணும். அதனால நான் வண்டியிலயே இருந்துக்குவேன். இவர் கடைக்குள்ள போயி வீடியோ எடுத்துட்டு, எனக்குப் பார்சல் வாங்கிட்டு வருவார். அன்னிக்கு எண்ணெய்ப் பரோட்டா. பக்கத்துல ஏறி உட்கார்ந்து, பொட்டலத்தைப் பிரிச்சு, சால்னாவை ஊத்திக் கொடுத்துட்டு, "எப்படி இருக்கு, சொல்லு"ன்னார்.

என்னையா கேக்கிறார்னு திரும்பிப் பார்த்தேன். வண்டியில வேற யாரு இருக்கா?

"மொறுமொறுன்னு இருக்குங்க. ஆனா சால்னாவுல கசகசா தூக்கலா இருக்கு. பிள்ளை நாளைக்கு மத்தியானம் வரைக்கும் எந்திரிக்காது. பாப்பாவுக்கு ஆகுமா?"

இவர் விழுந்து விழுந்து சிரிச்சார். நான் சொல்லி ஒருத்தர் சிரிச்சு அன்னிக்குத்தான் பார்த்தேன். "அப்புறம்? வேற என்ன தோணுது?"ன்னார். வேற என்ன தோணுதுன்னு என்னை யாரு கேட்டிருக்கா? நான் பாட்டுக்குச் சொன்னேன். பரோட்டாக்காரர் மாவைத் தட்டுறது நம்ம துணி துவைக்கிற மாதிரி இருக்குன்னேன். அதுக்கும் சிரிச்சார்.

வண்டிக்கு முன்னாடி ஒரு கம்பியில போனை மாட்டியிருப்பார். வழி காட்டுற போனுன்னு சொல்லியிருந்தார். அதுல ஒரு பொம்பளை, வலது பக்கம் திரும்பு, இடது பக்கம் திரும்புன்னு சொல்லிக்கிட்டே வருவா. சில நேரம் அது என்னைப் பார்த்துத் திரும்பியிருக்கும். வெயில் அடிக்குது, அதான் திருப்பியிருக்கேன்னார். வண்டி நிக்கும்போது வழி எதுக்குன்னு எனக்குத் தோணலையேக்கா. இப்ப தோணுது. அப்பத் தோணல.

அப்புறம் மதுரை. ஜிகர்தண்டா வாங்கிட்டு வந்தார். "இவ்வளவு குளிர்ச்சியா இருக்கே, பாப்பாவுக்கு ஆகுமா?" சிரிச்சார். ஒரு டீக்கடையில பன்னுல வெண்ணெய் தடவி, சீனி போட்டு வாங்கிட்டு வந்தார். "மைதா ஆச்சே, பாப்பாவுக்கு ஆகுமா?" சிரிச்சார். நான் கேட்டுட்டு அவர் முகத்தைப் பார்த்துக்கிட்டே இருப்பேன். ஆகும்னோ ஆகாதுன்னோ ஒருதடவைகூட அவர் சொன்னதில்ல. சிரிப்பார். சரி, சிரிக்கிறாரே, ஆகும் போலன்னு நானும் சாப்பிட்டுடுவேன்.

எனக்கு அப்ப எப்படி இருந்துச்சு தெரியுமா? சொன்னா வெக்கமா இருக்கும். பிள்ளை பொறந்த பிறகுதான் இவருக்கு என்மேல ஆசை வந்திருக்குன்னு நெனச்சுக்கிட்டேன். அடுத்த ஊர் எப்ப வரும், எப்பப் பார்சலைப் பிரிப்பார், எப்ப "சொல்லு பேச்சி"ம்பார்னு இருக்கும். வழியெல்லாம் மனசுக்குள்ள சொல்லிப் பார்த்துக்கிட்டே வருவேன், இன்னிக்கு என்ன சொன்னா சிரிப்பார்னு.

மதுரையிலதான் அது நடந்துச்சு. கறி தோசை. பாதி தின்னிருப்பேன், பிள்ளை அழுதா. துண்டைப் போட்டு மூடிக்கிட்டுப் பால் கொடுத்தேன். இழுத்து இழுத்துப் பார்த்துட்டு மறுபடி அழுதா. எனக்குத் தாங்கல. "பால் பத்தலைங்க. ரெண்டு நாளா எனக்குத் தெரியுது, சொல்லப் பயமா இருந்துச்சு. எம்புள்ள பசியில அழுதுங்க"ன்னு அழுதுட்டேன். எங்க அம்மாகிட்டகூடச் சொல்லாத விஷயம்க்கா. போன்ல கேட்டப்போ, நல்லாக் குடிக்கிறாம்மான்னு சொன்னவ நான்.

இவர் என் தலையைத் தடவிக் கொடுத்தார். "அழாத பேச்சி. நான் இருக்கேன்ல?"

அந்தக் கை இன்னும் தலையில இருக்கிற மாதிரியே இருக்கு.

என்னக்கா, கன்னத்துல வச்சது சின்னதா இருக்கா? ஆமா, எனக்கும் அப்படித்தான் தோணுது. இன்னும் கொஞ்சம் அகலமா வச்சுடுறேன்.

திண்டுக்கல்லுல ஒரு பிரியாணிக் கடை. பின்பக்கம் போகணும்னு இறங்கினேன், பிள்ளையைத் தோள்ல போட்டு மூடிக்கிட்டு. வாசல்ல ஒரு சர்வர் அண்ணன், "வாங்க வாங்க, ஃபேமிலி ரூம் காலியா இருக்கு. இன்னிக்குக் காரம் கம்மி. பாப்பாவுக்கு ஆகும்!" அப்படின்னார். கடையே சிரிச்சுது. நான் எப்படிப்பட்டவ பாருங்க. நல்ல மனுசன், கைக்குழந்தையைப் பார்த்ததும் விசாரிக்கிறாரேன்னு நெனச்சுக்கிட்டேன்.

கை கழுவுற இடத்துல காலேஜ் படிக்கிற பொண்ணு ஒண்ணு ஓடி வந்துச்சு. "ஐயோ, ஆகுமாக்கா! அம்மா, இங்க பாரேன், ஆகுமாக்கா! அக்கா, ஒரு செல்ஃபி அக்கா!"

"என் பேரு அது இல்லம்மா"ன்னேன்.

அதோட அம்மா பின்னாடியே வந்தாங்க. உங்க வயசு இருக்கும். என்னை மேலயும் கீழயும் பார்த்துட்டு, "ஏம்மா, பச்ச உடம்போட கண்ட பரோட்டாவையும் தின்னுப்புட்டு, பால் இல்ல பால் இல்லன்னு ஊரைக் கூட்டி அழுறியே, உனக்கே நல்லாருக்கா? பூண்டை வேகவச்சுத் தின்னா தன்னால ஊறும். அதைச் செய்யாம போனுக்கு முன்னாடி அழுதா ஊறுமா?"ன்னாங்க.

எனக்கு முதல்ல புரியல. இந்தம்மாவுக்கு எப்படித் தெரியும்? நான் அவர்கிட்டதானே சொன்னேன்? வண்டிக் கதவெல்லாம் சாத்தியிருந்துச்சே?

அந்தப் பொண்ணுதான் போனை எடுத்துக் காட்டுச்சு. நான். நானேதான். கண்ணாடியிலகூட என் முகத்தை நான் அவ்வளவு பெருசாப் பார்த்ததில்ல. வாயோரத்துல சால்னா. தோள்ல துண்டு. துண்டுக்குள்ள பிள்ளையோட கால் ஆடுது. நான் அழுறேன், பின்னாடி வயலின் வாசிக்கிறாங்க. பால் பத்தலைங்கன்னு நான் சொன்னதைப் பெரிய எழுத்துல கீழ போட்டிருக்கு, காது கேக்காதவங்களும் தெரிஞ்சுக்கட்டும்னு.

அப்புறம் இவர் கை வருது, என் தலைகிட்ட. அதுக்கு முன்னாடி, தடவுறதுக்கு முன்னாடிக்கா, ஒருதடவை போனைப் பார்க்கிறார். சரியாத் தெரியுதான்னு பார்க்கிறார். பார்த்துட்டு அப்புறம்தான் தடவுறார்.

அந்தப் பொண்ணுகிட்ட, "இன்னொருதடவை காட்டும்மா"ன்னேன். காட்டுச்சு. மறுபடியும் பார்த்துட்டுத்தான் தடவுறார். எத்தனைதடவை போட்டாலும் அப்படித்தான் வரும், இல்லக்கா?

வண்டிக்கு வந்து, "நான் உங்ககிட்டச் சொன்னதை ஊருக்கே சொல்லிட்டீங்களா?"ன்னு கேட்டேன். அவரை நான் கேட்ட முதல் கேள்வி அது. குழம்பு எப்படின்னு கேட்டதும், ஆகுமா ஆகுமான்னு கேட்டதும் சேர்த்தி இல்ல.

"ஏய், நீ உலகம் தெரியாதவ. எத்தனை பேரு உன்னைத் தங்கச்சி, மகளேன்னு போட்டிருக்காங்க தெரியுமா? இரு, வாசிக்கிறேன்." வாசிச்சார். 'தங்கமான மனசு.' 'வெள்ளந்தியான பொண்ணு.' 'எங்க வீட்டுக்கு வா, நான் பூண்டுக் குழம்பு வச்சுத் தர்றேன்.' கேக்க நல்லாத்தான் இருந்துச்சு.

இவர் வண்டிக் கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டிருந்தப்போ நான் அந்தப் போனை எடுத்துப் பார்த்தேன். எனக்கு எழுத்துக் கூட்டித்தான் வாசிக்க வரும். அவர் வாசிக்காம விட்ட ஒண்ணுல விரலை வச்சேன். இ... வ... ந... டி... கொஞ்ச நேரம் ஆச்சு. இவ நடிக்கிறா. அப்படி எழுதியிருந்துச்சு. வாத்தியார் முன்னாடி வாசிக்காததை அங்க நின்னு வாசிச்சேன்.

நடிக்கிறேனாம். அந்த வண்டிக்குள்ள நடிக்கத் தெரியாதவ நான் ஒருத்திதான் இருந்தேன்.

அழுதேன்னா அழுதேன், அப்படி அழுதேன். போன் கம்பியில இல்லைன்னு பார்த்துட்டுத்தான் அழுதேன், அதைச் சொல்லணும். இவர் பயந்துட்டார். பிள்ளை தலையில கையை வச்சு, "சத்தியமா இனிமே உன்னைப் போட மாட்டேன். பிள்ளையையும் போட மாட்டேன். போதுமா?"ன்னார். பிள்ளை தலையிலக்கா. உச்சிக்குழி இன்னும் மூடாத தலையில.

நான் அதையும் நம்பினேன். நம்பாம? கட்டின புருசன், பெத்த பிள்ளை தலையில கையை வச்சா நம்பாம எப்படி? நேத்து முழுக்கப் போனை எடுக்கவே இல்ல. எங்கயோ ரோட்டோரம் நிறுத்தி ரெண்டு இட்லி வாங்கிட்டு வந்து, பேசாம கையில கொடுத்தார். நானும் பேசாம சாப்பிட்டேன். கேக்கணும்னு வாய் வரைக்கும் வந்துச்சு, பல்லைக் கடிச்சுக்கிட்டேன். எனக்கு என்ன தோணுச்சு தெரியுமாக்கா? அவர் கேக்க மாட்டாரா, எப்படி இருக்குன்னு ஒருதடவை கேக்க மாட்டாரான்னு இருந்துச்சு. போன் இல்லாம. சும்மா. கேக்கல. இட்லியை முடிச்சுட்டுத் தண்ணி குடிச்சார், வண்டியை எடுத்தார்.

சரி, பேசாட்டியும் பரவாயில்ல, சொன்ன சொல்லைக் காப்பாத்துறாரேன்னு மனசைத் தேத்திக்கிட்டுத்தான் உங்க கம்பம் வரைக்கும் வந்தேன். பிள்ளைக்கு நல்ல சட்டையாப் போடுன்னார். சரின்னு போட்டேன். கடைக்காரர் நமக்குத் தெரிஞ்சவர், பார்த்தா ஆசீர்வாதம் பண்ணுவார்னார். சரின்னேன். நீங்க சொல்றீங்க, ஒரு வாரமா இவர் வீடியோவுல எல்லாருக்கும் சொல்லி வச்சிருக்காராம், இன்னிக்குப் பாப்பா முகம் காட்டுறோம்னு. ஒரு வாரமா! அப்போ சத்தியம் பண்ணும்போதே இது ஏற்பாடு ஆகியிருக்கு. கை பிள்ளை தலையில இருக்கு, வாழைமரத்துக்கு இங்க சொல்லியாச்சு.

அவரை மட்டும் குத்தம் சொல்லக் கூடாதுக்கா. எத்தனை பேரு கண்ணு, நீங்களே சொல்லுங்க. நான் ஒவ்வொரு வாயும் திங்கிறதை அத்தனை கண்ணு பார்த்தா பால் எப்படி ஊறும்? அதான் வத்திப்போச்சு. அவருக்கு இதெல்லாம் தெரியாது, ஆம்பளைதானே. இல்ல, தெரிஞ்சுக்கிட்டே... அப்படி நெனைக்கப் பிடிக்கல எனக்கு. நெனைச்சா அப்புறம் அந்த வண்டியில எப்படி ஏறுறது?

அந்தத் தாடையிலயும் ஒண்ணு வச்சுக்கிறேன். மூக்குலயும். கண்ணுகிட்டப் போகாம வைக்கிறேன், பயப்படாதீங்க.

நீங்க முதல்ல ஒரு கும்பா கொடுத்தீங்களே, பூண்டும் வெந்தயமும் போட்ட கஞ்சி. நான் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே நீங்க, "கேக்காம குடி தாயி, இது ஆகும்"னீங்க. இந்த வழியெல்லாம் எத்தனை கடை, எத்தனை பார்சல். ஆகும்னு ஒரு வாய்வார்த்தை சொன்னது நீங்கதான். அதான் இவ்வளவும் உங்ககிட்டச் சொல்லிட்டேன். நான் இப்படிப் பேசுறவளே கிடையாதுக்கா. எங்க அம்மாவைக் கேட்டுப் பாருங்க.

முடியாதுன்னு முன்னாடி போயி சொல்லலாம். எனக்கு வராது. கடைக்காரர் மாலை வாங்கி வச்சிருக்கார், அத்தனை பேரு நிக்கிறாங்க, லைட்டெல்லாம் போட்டிருக்காங்க. நின்னேன்னா ஆறாவது வகுப்புல நின்ன மாதிரியே நிப்பேன். வாய் வராது. உங்க பின்வாசல் வழியாப் போயிடலாம்னு பார்த்தா, அது மாட்டுத் தொழுவத்துக்குத்தான் போகுதுன்னு சொல்லிட்டீங்க. ஊருக்குப் போற பஸ் எங்க நிக்கும்னும் தெரியல.

ஆனா பொட்டு வைக்கத் தெரியும். பிள்ளைக்குப் பொட்டு வைக்கக் கூடாதுன்னு எந்தப் புருசனும் சொல்ல முடியாது, இல்லக்கா? பெத்தவ வைக்கிறது. கண்ணு எவ்வளவு பட்டிருக்கோ அவ்வளவு பெருசா வைக்கணும். எங்க அம்மா அப்படித்தான் சொல்லுவாங்க.

கொஞ்சம் பெருசாத்தான் போச்சு. இந்தப் பக்கக் கன்னம் வெறிச்சுனு இருக்கு, அங்கயும் வச்சுடுறேன். நெத்தி முழுக்க வந்துடுச்சு, வரட்டும். சும்மா இருடா கண்ணு, ஆத்தாதான், ஆத்தாதான். நல்லாத் தூங்கு. ஏக்கா, எங்கயாவது வெள்ளையாத் தெரியுதா? காதுக்குக் கீழயா? அதையும் மூடிட்டேன். இப்பப் பாருங்க. இது யாரு பிள்ளைன்னு யாருக்காவது தெரியுமா? கண்ணைத் தொறந்தா ரெண்டு கண்ணு மட்டும் தெரியும். அது அவ எங்களைப் பார்க்க.

ஐயோ, நீங்க ஏன்க்கா அழுறீங்க? நான் சிரிச்சுட்டேன் பாருங்க.

"பேச்சி! ஏ பேச்சி! எல்லாரும் காத்துக்கிட்டிருக்காங்க, பிள்ளையைத் தூக்கிட்டு வா!"

இந்தா வந்துட்டேங்க!

அக்கா, அந்தக் கொட்டாங்கச்சியைக் கீழ கொட்டிடாதீங்க, இப்படிக் கொடுங்க, மிச்சம் இருக்கிறதுல என் முகத்துக்கும் கொஞ்சம்...